அப்பா எங்கேன்னு கேப்பாங்க

வெளிநாடு போகிறவர்களுக்கு ஆயிரம் கவலை இருக்கும். பெட்டி எடை கூடிவிடுமோ, அந்த ஊர்க் குளிர் உடம்புக்கு ஆகுமோ, விமானத்தில் காது அடைக்குமோ என்று ஆளுக்கொரு புலம்பல். கண்ணாடிக்கார அக்காவுக்கு அதெல்லாம் தூசு. பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பத்தோடு, சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு வரப்போகிற சந்தோஷமான பயணம்தான் அது. ஆனால் பயண ஏஜெண்ட் டீயை உறிஞ்சிக்கொண்டே சாவகாசமாகக் கேட்ட ஒரு கேள்வியில் அந்தச் சந்தோஷமெல்லாம் போய்விட்டது.

"குழந்தையோட அப்பா வரலியாம்மா?"

"வரல."

"அப்போ அங்க இறங்கினதும் கேப்பாங்க. அப்பா எங்கேன்னு கேப்பாங்க."

அக்காவுக்குப் பயம் வந்தால் ஒரு பழக்கம் உண்டு. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், முகத்தில் இருக்கும் மூக்குக்கண்ணாடியைப் பார்ப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்து, சட்டத்துக்குள் பொருத்தி, காதுக்கம்பியைச் சூடுகாட்டி வளைக்கிற வேலை அவளுக்கு. கடை இருக்கிற தெருவில் அவள் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் கண்ணாடிக்கார அக்காதான். ஏஜெண்டின் கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருந்தது. மூக்குத்தாங்கியை லேசாக அழுத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே, "அவரோட தம்பியும் தம்பி பொண்டாட்டியும் கூடத்தானே வர்றாங்க. அவங்க சொன்னா போதாதா?" என்று கேட்டாள்.

"சித்தப்பா அப்பாவாக முடியுங்களா?" என்று சிரித்தார் ஏஜெண்ட். மனுஷன் சும்மாதான் சொன்னார். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் விளக்கமாகவே சொன்னார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். அதனால் அந்த நாட்டில் கெடுபிடி. அப்பா உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வேண்டும். இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், அசல். அவருடைய பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதுவும்.

"சான்றிதழ் இருக்கு" என்றாள் அக்கா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஏஜெண்ட் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அடடா. தெரியாம கேட்டுட்டேன். தப்பா நினைக்காதீங்கம்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அப்போ சிக்கலே இல்ல. பாப்பாவுக்கு எட்டு வயசு இல்லையா? உங்களைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லிட்டு பாப்பாகிட்டயே கேப்பாங்க. நம்ம பாஷை தெரிஞ்ச ஆள் வெச்சிருக்காங்க. பாப்பா சொல்றதும் நீங்க சொல்றதும் பேப்பரும் ஒத்துப்போயிட்டா சீல் குத்திடுவாங்க" என்றார்.

"ஒத்துப்போகலைன்னா?"

"உக்கார வெச்சிடுவாங்க. அடுத்த பிளேன்ல ஏத்தி அனுப்பினாலும் அனுப்பலாம். நமக்கு எதுக்கும்மா அந்தப் பேச்சு? உள்ளதைத்தானே சொல்லப் போறோம்."

உள்ளதைச் சொல்வதாம்! அங்கேதானே இடிக்கிறது. அந்தக் குழந்தையிடம் போய் உன் அப்பா எங்கே என்று கேட்டால், எங்கப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவார் என்று சொல்லும். சத்தியமாகச் சொல்லும். ஏனென்றால் அப்பா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

அந்தக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வெளிநாட்டில் வேலை கிடைத்து, விசா வந்து, நீலப் பெட்டியில் துணி அடுக்கி மூடிக் கதவோரம் வைத்தாகிவிட்டது. புறப்பட இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, ஏதோ ஒரு கட்டடத்து மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை. மகளுக்கு அப்போது நாலு வயது. அவளைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். குழந்தை சித்தி வீட்டு வாசற்கதவைவிட்டு நகரமாட்டேன், அப்பா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துகொண்டது. சித்தி என்ன செய்வாள் பாவம், "அப்பா பிளேன் ஏறிட்டார்டா கண்ணு. வெளிநாட்டுக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டாள். குழந்தை நம்பிவிட்டது. பெட்டி கட்டியதைத்தான் அது கண்ணால் பார்த்திருந்ததே.

நம்பியதே ஒழியச் சாப்பிடவில்லை. போனாவது பண்ணச் சொல்லு என்று பிடிவாதம். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல். வீட்டுக்கு யார் போன் செய்தாலும் "அண்ணனா தம்பியா?" என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார்கள். தம்பி தெருமுனைக்குப் போய், அங்கிருந்து போன் போட்டு, "மேனேஜரம்மா, சாப்ட்டாச்சா?" என்றார். அண்ணன் தன் மகளை அப்படித்தான் கூப்பிடுவார். குழந்தை தட்டு நிறையச் சாப்பிட்டது. அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த ஒரு நாள் நாலு வருஷமாக முடியாமல் கிடந்தது.

இரண்டு மாதத்தில் அக்கா கடைக்குப் பக்கமாக வீடு மாறினாள். புதுத் தெரு, புது மனிதர்கள். மகளிடம் ஒன்று, ஊரிடம் ஒன்று என்று பேச முடியுமா? வீட்டுக்காரம்மாவிடம், பள்ளிக்கூடத்தில், கடை முதலாளியிடம், எல்லாரிடமும் "அவர் வெளிநாட்டுல இருக்காரு" என்றுதான் சொன்னாள். சொல்லச் சொல்ல நாக்கு பழகிவிட்டது. நல்லது கெட்டது விசாரிக்கிறவர்கள், "எப்ப வர்றார்?" என்று கேட்பார்கள். "லீவு கிடைக்கணுமே" என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்களே, இவள் ஒரு ஆளையே மறைத்து வைத்திருந்தாள்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சொல்லவே கூசும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும் நேரத்துக்கு முன்னால் அக்கா குளித்து, தலை பின்னி, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொள்வாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, பூண்டு உரிக்கிற சாக்கில் சுவரோரம் உட்கார்ந்துகொள்வாள். "அங்க மழையாப்பா?" "மழைதான் மேனேஜரம்மா, குடை ஒண்ணு அனுப்பு." அந்தப் பக்கத்தில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்பா அறையில் பெரிய கடிகாரம் இருக்கிறது என்று மகள் முதலில் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்புறம் அதைச் சொல்வதை விட்டுவிட்டாள். கொழுந்தனார் ஒரு நாளும் "அம்மாகிட்ட குடு" என்று சொன்னதில்லை. தங்கமான மனுஷன். வைக்கும்போது மட்டும், "அம்மாவைக் கேட்டதா சொல்லு" என்பார். அந்த ஒரு வரி அக்காவுக்கு. சுவரோரத்திலிருந்து "ம்" என்பாள். பைத்தியமா என்று கேட்டால், பைத்தியம்தான். செத்தவன் குரல் வாரம் ஒரு தடவை வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்தால் யாருக்குத்தான் புத்தி நேராக இருக்கும்?

ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து அக்கா நேராகக் கொழுந்தனார் வீட்டுக்குத்தான் போனாள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஓரகத்தி அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பயணமே அவள் ஏற்பாடு, தங்கப்போவது அவளுடைய உடன்பிறந்த அக்கா வீட்டில். விஷயத்தைக் கேட்டதும் கையைக்கூடத் துடைக்காமல் திரும்பினாள்.

"சொல்லிடுங்கக்கா. கும்பிட்டுக் கேக்கறேன். இதான் நேரம்."

"பிளேன் ஏறிட்டார்னு முதல்ல சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். என் வாயை அன்னைக்கே தைச்சிருக்கணும். அதுக்காக இன்னும் எத்தனை வருஷம்? அவ கல்யாணத்துக்கும் போன்லயே ஆசீர்வாதம் பண்ணுவாரா? என் புருஷனைப் பாத்தீங்களா நீங்க? தூக்கத்துல மேனேஜரம்மா மேனேஜரம்மாங்கறார். போன மாசம் பேங்க்ல கையெழுத்துப் போடச் சொன்னா அண்ணன் பேரைப் போட்டுட்டு வந்து நிக்கறார். எனக்குப் பயமா இருக்குக்கா. ஞாயித்துக்கிழமை ஆனா என் வீட்டுக்குள்ள யார் இருக்காங்கன்னே தெரியல."

கொழுந்தனார் அப்போதுதான் சாப்பாட்டுக்கு வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கத்துக்குட்டிகளோடு நடுரோட்டில் நின்று நின்று பழகியதால், வண்டியை எங்கே நிறுத்தினாலும் நாலு பக்கத்து விளக்கையும் மினுக்க விட்டுவிடுவார். சொந்த வீட்டு வாசலில் நிறுத்தினாலும் அது மினுக்கிக்கொண்டு நிற்கும். தெருவே கேலி பண்ணும். உள்ளே வந்தவர் அண்ணி முகத்தைப் பார்த்ததுமே பாதியைப் புரிந்துகொண்டார். மீதியை ஓரகத்தி சொன்னாள்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றார். "அண்ணி, நான் இன்னும் அவனுக்கு அழவே இல்ல" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க அழறது? ஞாயித்துக்கிழமை ஆனா நானே அவனா உக்காந்து பேசறேன். அங்க என்ன மழை, மேனேஜர் என்ன திட்டினான், எல்லாம் நான்தான் யோசிக்கறேன். சில சமயம் நிஜமாவே அவன் அங்க இருக்கான், நான்தான் இல்லைன்னு தோணுது. என் அண்ணன் சாகட்டும் அண்ணி. ஒரு தடவை சாகவிடுங்க."

அந்தக் குரலில், அதே குரலில், அவர் அப்படிச் சொன்னபிறகு அக்காவால் அங்கே உட்கார முடியவில்லை. "சொல்லிடறேன். இந்த வாரமே சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் கடைக்கு மத்தியானம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பாஸ்போர்ட் நீலப் பெட்டியின் உள்பையில் இருக்கிறது. பெட்டி பீரோமேல் இருக்கிறது. நாலு வருஷமாக அதன் பக்கம் அவள் திரும்பியதில்லை, தூசி தட்டக்கூட. மகள் கேட்டபோது, அப்பா வேற பெட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லியிருந்தாள். வாய்க்கு வந்ததுதான்.

நாற்காலி போட்டு ஏறி இறக்கினாள். பெட்டி கனத்தது. திறந்தால் அவர் வாசனை வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தாள். வாசனை ஒன்றும் வரவில்லை, பழைய துணி நெடிதான் வந்தது. அதற்குத்தான் அழுகை வந்தது. மடித்த சட்டை மடித்தபடி, சவரப் பெட்டி, விலைச்சீட்டு பிரிக்காத கம்பளிக் குல்லாய். போகிற ஊரில் குளிரும் என்று அவரே தேடி வாங்கியது. பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். உள்ளே யாரும் சீல் குத்தாத விசா. புகைப்படத்தில் அவர் சிரிக்காமல் அவளையே பார்த்தார். நீ எப்போதுதான் சொல்லப்போகிறாய் என்று கேட்பது மாதிரி இருந்தது, படக்கென்று மூடிவிட்டாள்.

சட்டைகளைத் திரும்ப அடுக்கும்போது இரண்டு சட்டைக்கு நடுவில் ஒரு தலைக்கிளிப் கிடந்தது. மஞ்சள் பூப்போட்ட கிளிப். மகளுடையது. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் தொலைந்துபோனது என்று அடி வாங்கினாளே, அதே கிளிப்.

அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "எலி இழுத்துட்டு வந்து போட்டிருக்கும்" என்று சத்தமாகச் சொன்னாள். மூடிய பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிளிப்பை வைத்துவிட்டுப் போகிற எலி! மனசு ஒன்றை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டால் எலி என்ன, யானைகூடப் பெட்டிக்குள் புகுந்து வெளியே வரும்.

சொல்ல வேண்டும் என்றுதான் வாரம் முழுக்க முயற்சி செய்தாள். தலை பின்னும்போது, "கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிப்பாள். "என்னம்மா?" என்று அது திரும்பிப் பார்க்கும். அவர் கண் அப்படியே. "நகத்தைக் கடிக்காதே" என்று முடிப்பாள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது ஒருதரம், துணி மடிக்கும்போது ஒருதரம். சொல்லிவிட்டால் குழந்தை தாங்குமா என்பது ஒரு பயம். சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் போன் வராதே என்பது இன்னொன்று. இரண்டாவதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது. எந்த நேரத்தில் உதித்ததோ!

"இங்க பாரு கண்ணு. அங்க ஏர்போர்ட்ல ஒரு ஆபீசர் உன்கிட்ட அப்பா எங்கேன்னு கேப்பாங்க. இறந்துட்டார்னு சொல்லிடணும்."

மகள் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"சும்மாதான். நிஜமில்ல. நம்ம பேப்பர்ல ஆபீஸ்காரங்க தப்பா அப்படி எழுதிட்டாங்க. திருத்தறதுக்கு நேரமில்ல. பேப்பர்ல இருக்கறதையே நீயும் சொல்லணும், இல்லைன்னா உள்ள விடமாட்டாங்க."

பாருங்கள் கொடுமையை. நாலு வருஷத்தில் முதல் தடவையாக வாயில் உண்மை வருகிறது, அதையும் பொய் என்று சொல்லித்தான் கொடுக்கிறாள்.

மகள் அம்மாவையே பார்த்தாள். நாலைந்து தடவை கண்ணைச் சிமிட்டினாள். "அந்தப் பேப்பர்ல தப்பாவா எழுதியிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா."

"நீ படிச்சுப் பாத்தியாம்மா?"

"பாத்தேன். தப்புதான்."

"சரிம்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, "எப்படி இறந்தார்னு கேட்டா?" என்றாள்.

அக்கா கீழே கிடந்த அட்டைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"நெஞ்சு வலின்னு சொல்லிடறேன்மா. அதான் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு மகள் அட்டையை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு கோணலாகப் போனது. அக்காவுக்கு நிம்மதியாகவும் இருந்தது, எங்கேயோ உறுத்தவும் செய்தது. எல்லாரும் அப்படித்தானே சாகிறார்கள், எங்கேயாவது கேட்டிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கொழுந்தனாருக்கு, "சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொன்னாள்.

மறுநாள் ஞாயிறு. போன் வராது என்று தெரியும். தெரிந்தும் குளித்தாள், தலை பின்னினாள், நல்ல புடவை கட்டினாள், பூண்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். உடம்பு தானாகச் செய்தது. மேஜைமேல் போன் கிடந்தது. மகள் எதிரே உட்கார்ந்து போனைப் பார்ப்பதும் அம்மாவைப் பார்ப்பதுமாக இருந்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பூண்டு எல்லாம் உரித்தாகிவிட்டது. உரித்ததையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தாள் அக்கா.

மகள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, "அப்பாவுக்கு வேலை இருக்கும்மா. அதான் பண்ணல. நீ ஒண்ணும் நினைக்காதே" என்றாள்.

அடுத்த வாரமே புறப்பட்டார்கள். விமானத்தில் ஜன்னலோரம் கொடுத்தும் மகள் வெளியே பார்க்கவில்லை. அம்மா கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பயந்திருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள், பொய் சொல்ல வேண்டுமே என்று பயந்திருக்கிறாள், பாவம், நான்தான் பாவி. நாலு இருக்கை தள்ளிக் கொழுந்தனார் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை.

இறங்கியதும் நீளமான கூடம். வரிசை வரிசையாக ஆட்கள், தரையில் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கூண்டுகள். கொழுந்தனாரும் ஓரகத்தியும் பக்கத்து வரிசையில் போய் சீல் வாங்கிக்கொண்டு தாண்டிவிட்டார்கள். அக்காவின் முறை வந்தது. கூண்டில் இருந்தவன் பேப்பர்களைப் புரட்டினான், சான்றிதழில் நின்றான், குழந்தையைப் பார்த்தான், யாரையோ கூப்பிட்டான். சீருடை போட்ட ஒரு அம்மாள் வந்தாள். நம் பாஷையில்தான் பேசினாள். அக்காவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குழந்தைக்கு முன்னால் குனிந்தாள். தள்ளி என்றால் எவ்வளவு தள்ளி? கை நீட்டினால் எட்டிவிடும். எல்லாமே கேட்டது.

"அம்மாகூட வந்திருக்கியா கண்ணு? அப்பா எங்க?"

"இறந்துட்டார்."

"எப்படிம்மா?"

"நெஞ்சு வலி. லிஃப்ட் ரூம்ல."

லிஃப்ட் ரூம்! அதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லையே.

அந்த அம்மாள் குழந்தையின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "இப்படிச் சொல்லணும்னு யாராவது சொல்லிக்கொடுத்தாங்களா?"

மகள் அம்மா பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அந்த அம்மாளின் காதுக்குப் பக்கத்தில் போய், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, குழந்தைகள் ரகசியம் பேசுவது மாதிரி எல்லாருக்கும் கேட்கப் பேசினாள்.

"அம்மா சொல்லிக்கொடுத்தாங்க. சும்மா சொல்லுன்னு சொன்னாங்க. ஆனா அது நிஜம் ஆன்ட்டி. அம்மாவுக்குத்தான் தெரியாது."

"என்ன தெரியாது?"

"அப்பா இறந்தது. சித்தப்பாதான் அப்பா மாதிரி போன் பண்ணுவார். டிக் டிக்னு அவர் கார் லைட்டு சத்தம் கேக்கும். அப்பா பெட்டியும் மேலதான் இருக்கு, ஷேவிங் செட்டுகூட எடுத்துட்டுப் போகல. சித்தி சித்தப்பாவைத் திட்டும்போது எல்லாம் சொன்னாங்க, நான் கேட்டேன். அம்மா அதை நிஜம்னு நினைச்சு ஞாயித்துக்கிழமை மட்டும் நல்ல புடவை கட்டிப்பாங்க. அதான் நான் ஒண்ணும் சொல்லல. பேப்பரைக் குடுத்தும் தப்பா எழுதியிருக்குன்னு சொல்றாங்க." மூச்சு வாங்கியது அதற்கு. "இப்ப அம்மாகிட்ட கேட்டா வெளிநாட்டுல இருக்கார்னுதான் சொல்லுவாங்க. எங்களைத் திருப்பி அனுப்பிடாதீங்க. அம்மாகிட்டயும் சொல்லிடாதீங்க ஆன்ட்டி, ப்ளீஸ்."

எட்டு வயசு. எவ்வளவு நாளாக இதைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறது அந்த உசிரு! ஒவ்வொரு ஞாயிறும் எதிரே உட்கார்ந்து, அங்க மழையாப்பா என்று கேட்டதெல்லாம் யாருக்காக?

அந்த அம்மாள் மெல்ல நிமிர்ந்தாள். அவள் மூக்குக்கண்ணாடி வலது பக்கம் ஏறியிருந்தது. காதுக்கம்பியை ஒரு முறுக்கு முறுக்கினால் போதும். அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அக்கா வாயைத் திறந்தாள். பாழாய்ப்போன நாக்கு, பழகின தடத்திலேயே புறப்பட்டது. "வெளி..." என்று வந்துவிட்டது. மகளின் கண் நிறைந்து வழிந்தது.

அக்கா மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்தாள்.

"செத்துப்போயிட்டார்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். "நாலு வருஷம் ஆச்சு. என் புருஷன் செத்துப்போயிட்டார்."

அந்த அம்மாள் கூண்டுக்காரனிடம் ஏதோ சொன்னாள். அவன் சான்றிதழை மடித்து, இரண்டு பாஸ்போர்ட்டிலும் சீல் குத்தி, கூண்டுக் கண்ணாடிக்கு அடியில் வைத்துத் தள்ளினான். மூன்றாவதாக இருந்த பழைய பாஸ்போர்ட்டைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தான்.

கூண்டைத் தாண்டியதும் மகள் அவள் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். முகமெல்லாம் ஈரம்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

அக்கா அந்தக் கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இப்பத்தான்டி கண்ணு" என்றாள். "இப்பத்தான் தெரியும்."

கொழுந்தனார் அங்கிருந்து ஓடி வந்தார். "அண்ணி! என்னாச்சு அண்ணி? விட்டுட்டாங்களா?" அதே குரல்தான், ஓர் இழை மாறவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அது கொழுந்தனாருடைய குரலாக மட்டும்தான் அவளுக்குக் கேட்டது.